படிக்க முடியாத ஓர் இடம்

இன்று காலை ஈஜோக் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து ஃபரிதா அழைத்தார். ராவாங் ஆபிஸில் என்னோடு வேலை செய்பவர். ஆலையின் கொதிகலனை இயக்கும் கணினி நின்றுவிட்டது. வெளியே பழம் ஏற்றிய லோரிகள் வரிசை கட்டி நின்றன.

பிழையைத் தேட அவரிடம் இருந்தது நான் எழுதிய டீபக்கர் என்ற நிரல்.

"மெமரியில ஒரு இடத்தப் படிக்க முடியலன்னா உங்க டீபக்கர் மொத்தமா மூடிக்குது லா. மத்த இடத்தையெல்லாம் நான் எப்படிப் பாக்குறது?"

நியாயமான கேள்வி.

படிக்க முடியாத இடத்தில் கேள்விக்குறிகளைப் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும்படி அதை மாற்றினேன். அனுப்பிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன்.

"இப்ப வருது. நடுவுல கொஞ்சம் கேள்விக்குறி, மிச்சமெல்லாம் தெரியுது." கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "கெடச்சிருச்சு. டெம்பரேச்சர் கணக்கு மைனஸ்ல போயிருக்கு."

அவர் அதைத் திருத்தினார். மதியத்துக்குள் ஆலை ஓடியது, லோரிகள் உள்ளே போயின.

சாயங்காலம் ஆபிஸுக்கு வந்த ஃபரிதா சொன்னார்: "தெரியாதத தெரியலன்னு சொல்லிட்டு மிச்ச வேலையப் பாக்குறது நம்ம ஆபிஸ்லயே உங்க டீபக்கர் ஒண்ணுதான்."

மேனேஜரின் அறைக் கதவு திறந்திருந்ததை ஃபரிதா கவனித்தாரா என்று தெரியவில்லை.

உங்கள் ஆபிஸில் எப்படி?