அண்ணன் கேட்ட தமிழ்ச் சடங்கு

சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே ஓர் உழவர் குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தவர் எங்கள் அண்ணன். அப்பா முன்னமே போய்விட்டதால் எங்களை ஆளாக்கியவர் அவர்தான். அதற்காகவே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவன். இதை நாலு தடவை கிழித்துப் போட்டு எழுதுகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அணுமின் நிலையம் கட்டும் வேலைக்கு அண்ணன் போனபோது அங்கே பல தேசத்து ஆட்கள் இருந்தார்கள். "நீங்கள் என்ன ஜனம்?" என்று அவர்கள் கேட்டதற்கு, நம் ஆட்கள் ஆளுக்கொரு சாதியைச் சொன்னார்களாம். அது அண்ணனை உறுத்திக்கொண்டே இருந்தது. "சாமிகிட்டயே நமக்குப் புரியாத பாஷையில வேற ஒருத்தரு பேசிகினு கீறாரு. அப்பால நாம யாருன்னு நமக்கு எப்புடித் தெரியும்?" என்பார். அதற்குப் பிறகுதான் தமிழ்ப் பாட்டுகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஊரில் கல்யாணம், காரியம் எல்லாவற்றையும் அவற்றைப் பாடி, பொருள் சொல்லி நடத்தத் தொடங்கினார்.

அந்தப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுக்க மீனவர் குப்பத்துக்கும் போனார். அங்கே ஒரு பெரியவர், "இன்னா அண்ணாத்த, எங்க ஆத்தாளுக்குத் தமிழ வுட்டா இன்னா தெரியும்? உங்க ஊரு சாமிக்குப் போய்க் கத்துக்குடு" என்று கேலி செய்தார்.

"அப்ப நீயே வந்து கத்துக்குடு" என்றார் அண்ணன்.

அவர் பத்துப் பேரோடு வந்தார். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் குப்பத்து ஆட்கள் எங்களோடு பாடி, ஒரே பந்தியில் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அங்கே யாரும் சாதி கேட்கவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எனக்கும் தமிழ்லயே செஞ்சிடுடா. நோட்டப் பாத்து நீயே படி."

"தப்பாப் படிச்சிட்டா?"

"படிச்சா இன்னா? எனக்குப் புரியும்."

மறுநாள் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

காரியத்தன்று ஏரிக்கரையில் ஐயர் வடமொழி மந்திரம் சொன்னதை எல்லோரும் பார்த்தீர்கள். பாட வந்த குப்பத்து ஆட்கள் ஓரமாக நின்றுவிட்டுப் போனார்கள். எங்கள் பெரியப்பாதான் பிடிவாதமாக ஐயரை அழைத்தார் என்று ஓராண்டாகப் பேச்சு. பலர் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அழைத்தது நான். ஒரு வார்த்தை பிசகி, அண்ணன் கரையேறாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் போய் அழைத்தேன். பெரியப்பாவிடம் மட்டும் சொன்னேன். "சரி, நான்தான் கூப்ட்டேன்னு சொல்லிக்கிறேன். வயசானவன, ஏசினா ஏசிட்டுப் போறானுங்க. நீ வாய மூடிக்கினு இரு" என்றார்.

ஆஸ்பத்திரியில் இரவு பகலாக உடனிருந்த நண்பர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், குப்பத்துச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஐயர் கூப்பிட்ட மரியாதைக்கு வந்தவர். அவர் மேல் குறையில்லை. இன்றைய நினைவு நாளில் நானே படிக்கிறேன். பிசகினால் நிறுத்தாமல் கூடப் பாடுங்கள்.

பெரியப்பா பந்தலில்தான் இருப்பார். அவரோடு பேசுங்கள்.