நாலு விநாடி கழித்து

மூன்றாவது பூந்தொட்டியையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு அண்ணி உதட்டைப் பிதுக்கினார். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"விரிசல் எதுவும் இல்லம்மா. செடி வைக்கத்தானே?"

"செடிக்கு இல்லைங்க. இதெல்லாம் கீச்சுன்னு பேசுது. கொஞ்சம் அடித்தொண்டையில பேசற தொட்டியா ஒண்ணு குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

என் அண்ணன் மனைவிக்கு வயது ஐம்பத்து மூன்று. தொழில், தட்டுவது. வயலின், செல்லோ, கம்ப்யூட்டர், இவர் என்று நாலு பேர் கொண்ட இசைக்குழு இருபத்திரண்டு வருடமாக நடக்கிறது. தோல் டிரம், இரும்புத் தகடு, மரக்கட்டை, கார் பட்டறையில் கேட்டு வாங்கிய பிரேக் டிரம் எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பிரேக் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வருவார். பக்கத்து இருக்கைக்காரர் காலைத் தள்ளி வைத்துக்கொள்வார். "இந்த வீட்ல எதுவும் சும்மா இருக்க முடியாது, நான் உட்பட" என்று அண்ணன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே புகார் சொல்வார்.

தோல் டிரம்மின் அடிப்பக்கம் பொத்தான் அளவு மைக் ஒன்றை ஒட்டியிருப்பார்கள். அண்ணி அடிப்பதைக் கம்ப்யூட்டர் பிடித்து வைத்து, நாலு விநாடி கழித்துத் திருப்பித் தரும். அதன் மேல் அவர் அடுத்ததை அடிப்பார். அதுவும் திரும்பி வரும். ஐந்து நிமிடத்தில் ஓர் ஊரே உட்கார்ந்து அடிப்பது போலாகிவிடும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. "மத்த இடத்துல தப்பு பண்ணா, அது போயிடும். இங்க திரும்பி வந்து, 'நான்தான், ஞாபகம் இருக்கா'ன்னு கேக்கும்" என்பார்.

இரண்டு மாதமாக அவர் கையில் தேநீர்க் கோப்பை சாசரோடு கிலுகிலுக்கிறது. "காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சா?" என்று அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்பார். அண்ணி கோப்பையை மேசையில் வைத்துவிடுவார். மருத்துவரிடம் துணைக்குப் போனது நான். வலது கை நடுக்கம் இப்போது லேசுதான், ஆனால் போகாது, மெல்லக் கூடும் என்றார் அவர். திரும்பும் வழியில் அண்ணி பேசியது இவ்வளவுதான்:

"குழுவுல மூச்சு விட்றாதே. பாவம் பாத்து வச்சுக்குவாங்க, இல்லேன்னா வேற ஆள் பாப்பாங்க. எனக்கு ரெண்டும் வேணாம்."

சனிக்கிழமை கச்சேரி. புதன்கிழமை ஒத்திகைக்கு, வாங்கிய தொட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அண்ணி டிரம்மில் ஒரு தட்டு தட்டினார். அறையில் ஒன்றுதான் கேட்டது. நாலு விநாடி கழித்து ஒலிபெருக்கியில் வந்தபோது அதன் வாலில் ஒரு குட்டித் தட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. குச்சி இறங்கும்போது கூடவே ஒரு துள்ளல். எங்கள் காதுக்கு எட்டாததை மைக் பிடித்துவிட்டது. அடுத்த சுற்றில் அது இரண்டானது, பிறகு நாலு.

"மழையா பெய்யுது?" என்று செல்லோக்காரி ஜன்னலைப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர்காரர் மைக்கைக் கழற்றி வேறொன்றை ஒட்டினார். வயரை மாற்றினார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது மைக்கும் அதையே சொன்னது. தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என் பக்கம்தான் அக்கா. புரோகிராமை நான் ஒழுங்கா எழுதல. சனிக்கிழமை என்னை விட்டுட்டு நீங்க மூணு பேரும் வாசிச்சிடுங்க. என்னால உங்க பேரு கெட வேணாம்."

"அட, இதுக்குப் போய் யாராவது..." என்று தொடங்கிய வயலின்காரர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அறையில் எல்லோரும் மைக்கைப் பார்த்தார்கள், வயரைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள். அண்ணியைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அவர் குச்சிகளைக் கீழே வைத்தார். குனிந்து டிரம்மின் அடியிலிருந்து மைக்கை உரித்தெடுத்தார். புது டேப்பைப் பல்லால் கிழித்து, மைக்கைத் தன் வலது மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து ஒட்டினார். பிறகு எல்லோருக்கும் தெரியும்படி அந்தக் கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, ஒலியைத் திறக்கும்படி கம்ப்யூட்டர்காரருக்கு மோவாயால் ஜாடை காட்டினார்.