சிஸ்டர் வண்டி நிற்கும் தெரு

திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவுக்குள் ஒரு ஆட்டோ நுழையும்போது எதிரே இன்னொன்று வந்தால் ஏதாவது ஒன்று பின்னால் போயே தீர வேண்டும். யார் போவது என்பதில் தினம் ஒரு பஞ்சாயத்து. வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் என் கட்டில் அதிரும். ஆனால் சௌகரியத்துக்குக் குறைவில்லை. உப்பு தீர்ந்தால் செருப்புக்கூடப் போடாமல் கடைக்குப் போய் வரலாம். மருந்துக்கடை, மாவு மில், டவுன் பஸ் எல்லாம் கூப்பிடு தூரம்.

அங்கே எனக்குக் கிடைக்காதது ஒன்றே ஒன்று. தூக்கம்.

நான் நர்ஸ். மாதத்தில் பாதிக்கு மேல் நைட் டூட்டி. வீட்டுக்காரர் குவைத்தில், மகள் திருச்சியில் ஹாஸ்டலில். விடிய விடிய வார்டில் நின்றுவிட்டு வந்து, வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி, இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுப் படுத்தால் மத்தியானம் வரை தூங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி டூட்டிக்குப் போகும்போது நின்றபடியே கண் சொருகும். ஒருநாள் மருந்துச் சீட்டை எத்தனை தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. நல்லவேளை, கூட இருந்த பெண்ணைப் பார்க்கச் சொன்னேன். அன்றைக்கு நிஜமாகவே பயந்துபோனேன்.

வீட்டிலோ, கண்ணை மூடினால் ஒரு குக்கர் கத்தும். அது அடங்கினால் ஒரு பிள்ளை அழும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆஸ்பத்திரியில் டாக்டர்களே என்னிடம் யோசித்துத்தான் பேசுவார்கள். ஜன்னலைத் திறந்து, "மனுசி தூங்க வேணாமா? இது தெருவா, சந்தைக்கடையா?" என்று போடுவேன் ஒரு சத்தம். கொஞ்ச நேரம் அடங்கும். பிறகு அடுத்த வீட்டுக் குக்கர்.

போதுமடா சாமி என்று பைபாஸ் தாண்டி, புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் ஒரு வாடகை வீட்டைப் பார்த்தேன். சுற்றிலும் ஈ காக்காய் இல்லை. அடுத்த மாதம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னபோது, "போங்க சிஸ்டர், அங்கிட்டாவது நல்லாத் தூங்குங்க" என்றார். இருந்துவிட்டுப் போங்களேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்தான்.

அந்த வாரம் ஸ்கூட்டி மக்கர் பண்ணியது. மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, நைட் டூட்டி முடிந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினேன். தண்ணீர் வருகிற நாள். தெருவே குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பேச்சுக் கொடுத்தால் அரைமணி நேரம் போய்விடும் என்று ஓசைப்படாமல் வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டேன்.

கண் அசந்ததுதான் தெரியும். தலைமாட்டிலேயே காய்கறி விற்கிற குட்டியானை வண்டியின் ஸ்பீக்கர், "தக்காளி, தக்காளி, தக்காளி!" மில்லில் மிளகாய் அரைக்கிறார்கள், எனக்குத் தும்மல். பையன்கள் அடித்த பந்து என் கேட்டில் டமார் என்று விழுகிறது. எங்கோ சவுண்டு செட்டில் குத்துப்பாட்டு. அடப்பாவிகளா! இப்படி ஒரு சத்தத்தை நான் அந்தத் தெருவில் கேட்டதே இல்லை. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அவிழ்ந்த தலையோடு கதவைத் திறந்தேன்.

"ஏன்யா, ஒங்களுக்கு வேற தெருவே கெடைக்கலையா?"

எதிர்வீட்டு அக்கா கையிலிருந்த வெண்டைக்காயைக் கீழே போட்டார். "ஆத்தாடி! சிஸ்டர், வீட்லயா இருக்கீங்க? வண்டியக் காணோமே!"

"வண்டி மெக்கானிக்கிட்ட நிக்குது. அதுக்கும் இதுக்கும் என்ன?"

குட்டியானைக்காரர் அதற்குள் ஸ்பீக்கரை அமர்த்தியிருந்தார். "வாசல்ல ஒங்க வண்டி நின்னா நீங்க தூங்குறீங்கன்னு அர்த்தம் சிஸ்டர். தெரு முக்குலயே ஸ்பீக்கர அமத்திட்டு, வீடு வீடாப் போயிக் கூப்புட்டுத்தான் யாவாரம் பண்ணுவேன்."

பிறகு அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் படுத்திருக்கிற நாளில் மில்லில் மிளகாயை மத்தியானத்துக்குமேல்தான் அரைப்பார்களாம். பையன்களைப் பந்தும் கையுமாக அடுத்த தெருவுக்கு விரட்டிவிடுவார்களாம். "எங்க மருமக வளைகாப்புக்கு ஏன் சவுண்டு செட்டு கட்டலைன்னு நெனைச்சீங்க? எங்க கொழுந்தன் இன்னமும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிறாரு."

"இதெல்லாம் எப்பருந்து?"

"நீங்க நைட் டூட்டிக்குப் போக ஆரம்பிச்சதுலருந்துதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா அதுக்கும் திட்டுவீங்க."

இத்தனை நாளும் நான் ஜன்னலைத் திறந்து திட்டியது, எல்லாவற்றையும் அடக்கிய பிறகும் மிஞ்சியிருந்த சத்தத்தை. அழுகிற பிள்ளையையும் குக்கரையும் அவர்கள் என்ன செய்வார்கள்? வார்டில் எதற்கும் கலங்காதவள் நான். வாசலில் நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துக்கமா சந்தோஷமா என்று கேட்டால், சந்தோஷம்தான். மிச்சம் இருக்கிற சத்தத்தோடு நான் தூங்கப் பழகிக்கொள்ள மாட்டேனா?

அங்கேயே நின்று பைபாஸ் வீட்டு ஓனருக்குப் போன் போட்டேன். "மன்னிச்சுக்குங்க, வீடு வேணாம். இங்கிட்டே இருந்துக்கிறேன்" என்றேன்.

அவ்வளவுதான். அக்கா நடுத்தெருவுக்கு ஓடி, மில் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார். "ஏய்... சிஸ்டர் போகலையாம்டீ!"

குட்டியானைக்காரர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "மெதுவாக்கா! சிஸ்டர் தூங்கணும்ல?"

நான் அவர்கள் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். சரி, தூங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.