பசூன் நாற்காலி

எனக்கு எண்ண வராது. இன்றைக்கும் குக்கர் விசிலை எண்ணச் சொல்லி என்னை நம்பினால் பருப்பு கூழாகிவிடும். பத்து வயதில் இந்தத் திறமையோடுதான் எங்கள் குடும்ப வாத்தியக் குழுவில் ரெக்கார்டர் என்கிற சின்னக் குழலை ஊதிக்கொண்டிருந்தேன். அத்தை வயலின், அப்பா அதன் பெரிய அண்ணனான செல்லோ. அத்தையின் கணவரான மாமா, ராணுவ பேண்டில் கற்ற பசூன். அது ஆளுயர மரக்குழாய். சளி பிடித்த எருமை தத்துவம் பேசுவது போல ஒலிக்கும்.

எங்கள் கைவசம் இருந்தது, யாரோ ஓர் இத்தாலிக்காரர் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஒரே ஓர் இசைக்கோவை, ஒரு கன்செர்ட்டோ. பின்னால் பெரிய வாத்தியக் கூட்டமெல்லாம் கிடையாது. இருக்கிற நாலு பேரே கூட்டமாகவும் முழங்க வேண்டும், ஆளாளுக்குத் தனியாகவும் வாசிக்க வேண்டும். நடுவில் வரும் மெதுவான பகுதியில் பசூன் மட்டும் தனியே பேசும். அது முடிந்ததும் நான் நுழைய வேண்டும். மாமா கடைசி சுரத்தை ஜவ்வாக இழுப்பார், அத்தை திரும்பி முறைப்பார், மாமா விடுவார், நான் ஊதுவேன். தாளத்தை எண்ணுகிற வேலையே இல்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்பே மாமா இறந்துபோனார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்: செத்தவர் சாப்பிட உட்காரும் இடத்தில் ஒரு வருஷம் வேறு யாரும் உட்காரக்கூடாது. அத்தை அதைக் கன்செர்ட்டோவுக்கும் கொண்டுவந்துவிட்டார். கடற்கரை சர்ச்சில் அறுப்புப் பண்டிகைக்கு வாசிக்க வேண்டியிருந்தது. பசூன் பகுதியைச் செல்லோவில் வாசித்துவிடுவதாக அப்பா சொன்னார்.

"அது அவரு எடம். காலியா வுடு" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அதுல பூந்த, குழல புடுங்கிக் கடல்ல வீசிருவேன். ஒழுங்கா எண்ணுடா."

ஒத்திகைக்கு ஒத்திகை முன்கூட்டியே புகுந்தேன். அத்தை திட்டவில்லை, ஒவ்வொரு தடவையும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

பண்டிகை சாயங்காலம். என் இடப்பக்கம் காலி நாற்காலி, அதன் முன்னால் மாமாவின் இசைத்தாள். மெதுவான பகுதி வந்தது. இரண்டு வில்லும் நின்றன. கடல் காற்றும் ஜன்னலோடு நின்றுவிட்டது. என் இடது முழங்கையில், பசூன் துளையிலிருந்து எப்போதும் வரும் அந்த வெதுவெதுப்பான மூச்சு பட்டது. காத்திருந்து, மிகச் சரியான இடத்தில் நுழைந்தேன்.

முடிந்ததும் ஆளாளுக்கு என் தலையைக் கோதினார்கள்.

"இன்னாடா, எப்பிடிடா எண்ணின?" என்றார் அப்பா.

"எங்க எண்ணினேன்? மாமா முடிச்சாரு, ஊதினேன்."

அப்பாவின் கையிலிருந்து வில் விழுந்தது. அத்தை மட்டும் குனிந்து என் காதருகே கேட்டார்: "கடைசில இழுத்தாரா?"

"ஆமா. நீதான் திரும்பி மொறைச்சியே, அத்தே."

அத்தை நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார். மாமா வாசித்த பழைய பதிவு எதையோ அத்தை ஃபோனில் போட்டுவிட்டார் என்றே நான் நினைத்திருந்தேன். அப்படி ஒரு பதிவு எங்கள் யாரிடமும் இருந்ததே இல்லை என்பது தெரியாததால், அப்பா ஏன் என் கையை அப்படி நசுக்குகிறார் என்று விளங்கவில்லை. வலித்தது, அவ்வளவுதான்.