மைக்கில் நான் சேர்த்துச் சொன்னது

திருவரங்குளம் பக்கம் கோயில் திருவிழா என்றாலும் ஜவுளிக்கடைத் தள்ளுபடி என்றாலும், ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவிப்பது நான்தான். நல்ல குரல் எனக்கு. அதை நானே சொல்லிக்கொள்வதில் வெட்கம் இருந்ததில்லை. இப்போது அந்தக் குரலைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தத் தேர்தலில் புதிதாகக் கிளம்பிய தலைவர் ஒருவருக்காக அறிவிக்கக் கூப்பிட்டார்கள். கூலிக்குத்தான் போனேன். மூன்றாம் நாளே அவருடைய ஆளாகிவிட்டேன். நாடு நாசமாய்ப் போனதற்குத் தண்டச் செலவுதான் காரணம், தான் வந்தால் ஒரே வெட்டு, மருந்து கொஞ்சம் கசக்கும், ஆறே மாதத்தில் நாடு எழுந்து நிற்கும் என்றார். விராலிமலைக் கூட்டத்தில் அவர் கையை ஓங்கி “வெட்டுவேன்” என்றதும் ஜனம் விசில் அடித்தது. நானும் அடித்தேன். வெட்டு யார் மேல் விழும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான் என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம்.

என் மனைவி எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் தற்காலிக வேலையில் இருந்தாள். பதினோரு வருஷம். காலையில் பள்ளியைத் திறந்து, வகுப்புகளைக் கூட்டி, கழிப்பறை கழுவி, தண்ணீர் பிடித்து வைப்பாள். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு மூக்கும் துடைத்துவிடுவாள். அவர்களுக்கு அவள் ஆயாம்மா. சம்பளம் வெளியே சொல்லும்படி இருக்காது. என்றைக்காவது நிரந்தரம் ஆக்குவார்கள் என்று அந்த வேலை ஆர்டரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருந்தாள். அவளுக்குத் தலைவரைப் பிடிக்கவில்லை.

“வெட்டுறேன் வெட்டுறேன்னு நிக்கிறவருகிட்ட நமக்கு என்னங்க வேலை?” என்பாள்.

கட்சி கொடுத்த நோட்டீஸில் வேலை நிரந்தரம் என்று ஒரு வார்த்தைகூடக் கிடையாது. திருமயம் போகும் வழியில் ஓர் ஊரில், களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் ஆட்டோவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நோட்டீஸை மடித்து வைத்துவிட்டு, “என் வீட்டுக்காரியும் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள்தான் தாய்மார்களே. தண்டச் செலவை வெட்டி மிச்சமாகும் பணத்தில், அவளைப் போன்றவர்களின் வேலையைத் தலைவர் நிரந்தரமாக்குவார்” என்று அடித்துவிட்டேன். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். பத்து ஊர் சொல்லி முடிப்பதற்குள் நானே அதை நம்பிவிட்டேன். கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளருக்கும் பிடித்துப்போய், புதுக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் உட்காரவைத்து அதை அப்படியே பதிவு செய்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், “தலைவரே சொல்லிட்டாரு புள்ள, ஒன் வேலை நிரந்தரம்” என்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சோறு போட்டாள். தேர்தலன்று எனக்கு முன்னால் போய் வரிசையில் நின்றாள்.

தலைவர் ஜெயித்தார். கஜானா காலி என்றார். சொன்னபடியே வெட்டினார். பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளிகளில் தற்காலிக வேலைகள் எல்லாம் ஒரே ஆர்டரில் போயின. சாவியைத் திருப்பி வாங்கும்போது தலைமையாசிரியை அழுதுவிட்டாராம். என் மனைவி அழவில்லை. பள்ளியில் வைத்திருந்த தன் தூக்குவாளியை எடுத்துவந்து கழுவிக் கவிழ்த்தாள். அதற்கடுத்த வாரத்திலிருந்து ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்வருகிறாள். கொட்டையின் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்துவிட்டது.

நாடு வேறு எங்காவது எழுந்து நின்றிருக்கலாம். எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் அரிசி விலை ஏறியது, பள்ளிக் கழிப்பறை நாறியது, ஏசி ரூம்கள் அப்படியே இருந்தன. இத்தனைக்கும் நடுவில் டீக்கடையில், “மருந்து வேல செய்யக் கொஞ்ச நாளாகும்ணே” என்று எனக்கே ஒருவன் பாடம் எடுத்தான். மருந்தை யார் வீட்டில் ஊற்றினார்கள் என்று கேட்டேன். அவன் பேப்பரைப் புரட்டினான்.

வயிற்றெரிச்சல் தாங்காமல் பொறுப்பாளர் வீட்டுக்குப் போனேன். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்கள் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, பழைய நோட்டீஸ் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“வெட்டுவேன்னாரு, வெட்டிட்டாரு. நிரந்தரம்னு இதுல எங்கிட்டு இருக்கு, காட்டுங்க. அது நீங்களாச் சொன்னதுல்ல?”

காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அந்த ஆள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. பொய் என்று தெரிந்துதானே ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

போன மாதம் மறுபடி தேர்தல். கட்சி வேலைக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிரச்சாரம் நடந்த ஒரு நாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். மனைவி விரல்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் ஆட்டோ ஒன்று திரும்பியது. “என் வீட்டுக்காரியும் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள்தான் தாய்மார்களே” என்று என் குரல் வந்தது. பழைய பதிவையே போட்டிருந்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நிறுத்தச் சொல்ல எழுந்தேன்.

“இருங்க. நான் பள்ளிக்கூடத்துல இருந்ததால இத முழுசாக் கேட்டதே இல்ல” என்றாள்.

ஆட்டோ எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்வரை கேட்டாள்.

“இத அவரு சொன்னாரா, நீங்களாச் சொன்னீங்களா?”

“நாந்தான் சொன்னேன்” என்றேன். “அவரு செய்வாருன்னு நம்பித்தான் புள்ள சொன்னேன்.”

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அவரு சொன்னாருன்னு நான் ஓட்டுப் போடலங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் போட்டேன்.”