வலிக்காத புண்

இன்று காலை என் கிளினிக்குக்கு வந்தவள் தோல் மண்டியில் வேலை செய்யும் பெண். முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினாள். கரி அப்பியதுபோல ஒரு புண்.

"ஜாஸ்தி வலிக்குது டாக்டரம்மா" என்றாள். இதே வார்த்தையை முன்பும் ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

என் அம்மாவும் ஆம்பூரில் பச்சைத்தோல் பிரிக்கப் போனவள்தான். பச்சைத்தோலிலிருந்து தொற்றும் கரும்புண் வலிக்காது, வலிக்காததுதான் ஆபத்து என்று எங்கள் பேட்டைக்குச் சொன்னவர், அங்கே முதன்முதலாக வந்த பெண் டாக்டர். "வலிக்கல" என்றவர்களை உடனே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர்களில் நோய் முற்றிப் போயிருந்த இரண்டு பேர் திரும்பவில்லை. தெருப் பெண்கள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். வலிக்கிறது என்று சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் கையில் அது வந்தபோது எனக்கு எட்டு வயது. டாக்டர் அறையின் பினாயில் வாசனைக்குள்ளும் அவள் சேலையின் தோல் நாற்றம் தெரிந்தது.

"கண்ண மூடிக்கோம்மா. நான் அமுக்குறப்ப மட்டும் சொல்லு" என்றார் டாக்டர்.

"ஐயோ, வலிக்குது! மெதுவா டாக்டரம்மா!" அம்மா துடித்தாள்.

டாக்டரின் விரல் புண்ணுக்கு ஒரு சாண் மேலே, காற்றில் நின்றிருந்தது. இன்னொரு கையால் பேசாதே என்று எனக்குச் சைகை காட்டினார். அன்றே வேலூருக்குக் கொண்டுபோனதால் அம்மா பிழைத்தாள்.

இப்போது நானும் அந்தப் பெண்ணைக் கண்ணை மூடச் சொன்னேன். விரலை நீட்டினேன். தொடவில்லை.

"அம்மா!" என்று அலறினாள்.

நான் கையை எடுத்து வேலூருக்குப் போன் போட்டேன். அவள் கண்ணைத் திறக்காமல் இன்னும் முனகிக்கொண்டிருந்தாள்.