கிழிசலைத் தேய்க்கிறவள்

இல்லை, அவள் யாரோடும் ஓடிப்போகவில்லை. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். மாடி வீட்டுக்காரி தன் கண்ணாலேயே பார்த்தாளாம். என்னத்தைப் பார்த்தாள்? காலை ஏழு மணிக்கு என் மூத்த மருமகள் முழங்கால் கிழிந்த ஜீன்ஸும், கட்டம் போட்ட பெரிய சட்டையும், கனத்த பூட்ஸும் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பையோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனதைப் பார்த்தாள். அதில் ஆண்பிள்ளை எங்கே வந்தான்?

கேட்டதற்கு, "புருஷன் செத்து ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள என்ன ஸ்டைலு, என்ன மினுக்கு! காரணமில்லாமயா ஒருத்தி அப்படி உடுத்துவா?" என்றாள்.

"உடுத்துறவ எல்லாம் ஓடிப்போறவளா? அப்படிப் பார்த்தா உன் பீரோவுல இருக்கிற துணிக்கு நீ இந்நேரம் ஏழு தடவை ஓடியிருக்கணுமேடி!" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏழு மாதம் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பேசக்கூடாது என்று அவளே கேட்டுக்கொண்டிருந்தாள். போன வாரம்தான் பேசலாம் என்று சொல்லி அனுப்பினாள். ஆகவே இனி என்னை யாரும் அடக்க முடியாது.

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஜீன்ஸ் கம்பெனியில்தான் வேலை. என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான். புதுத் துணியைப் பழசாக்குவது அந்தக் கம்பெனியின் தொழில். எனக்கு இன்றுவரை அது விளங்கியதில்லை. புதுசாகத் தைத்து, தேய்த்து, சுரண்டி, கிழித்து, பத்து வருஷம் உழைத்த துணி மாதிரி ஆக்கி, புதுத் துணியை விட அதிக விலைக்கு விற்பார்கள். இப்படி உடுத்துவதற்கு 'கிரஞ்ச்' என்று பெயராம். கம்பெனி வாசலில் ஆளுயரப் படம் ஒன்று இருந்தது. கிழிந்த ஜீன்ஸ், தொளதொளத்த கட்டம் போட்ட சட்டை, பூட்ஸ் போட்ட ஒரு பெண். ஆனால் தலைமுடி ஒன்று கலையவில்லை, காலர் கத்தி மாதிரி நின்றது.

மூத்தவனுக்கு மணல் அறையில் வேலை. எங்கள் சமையலறை அளவுதான் இருக்கும், ஜன்னல் கிடையாது. ஜீன்ஸைக் காற்றடைத்த ரப்பர் கால்களில் மாட்டிவிடுவார்கள். குழாயிலிருந்து மணல் சீறிக்கொண்டு வரும். தொடையிலும் முழங்காலிலும் அடித்தால் நீலம் உரிந்து வெளுக்கும். ஒரு நாளைக்கு நானூறு ஜோடிக் கால்கள். வாயில் ஒரு துணி மூடி, அவ்வளவுதான்.

அடுத்த கூடத்தில் அவள் இஸ்திரி போட்டாள். கிழிசலை இஸ்திரி போடுவது சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். ஓட்டைக்குள் ஒரு தாளைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கத்துக் கிழிசலின் தடம் பின்பக்கத்தில் விழும். தொங்குகிற நூலையெல்லாம் ஒரே பக்கமாகப் படிய வைக்க வேண்டும். "கிழிஞ்சிருக்கலாம், கசங்கியிருக்கக் கூடாது" என்பாள். கூடத்தில் அவளுக்கு 'மடிப்பு' என்று பட்டப்பெயர். அவன் பழசாக்கி அனுப்புவான், அவள் மெருகேற்றி அனுப்புவாள். அப்படித்தான் பேச்சு வளர்ந்து கல்யாணம் வரை வந்தது.

சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழையும்போது இமைமுடி வரை வெளுத்திருக்கும். "வாங்க தாத்தா, வழி தெரிஞ்சுதா?" என்று கேட்பாள். "கண்ணு தெரியல பாட்டி, கையைப் புடி" என்று இவன் தடுமாறுவது போல நடிப்பான். மூன்று வருஷம் அப்படிச் சிரித்தோம். நாலாவது வருஷம் நிஜமாகவே தாத்தா மாதிரி மூச்சு வாங்கினான். எங்கள் வாசலுக்கு ஏழு படி, மூன்றாவதிலேயே உட்கார்ந்துகொள்வான். ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "இவர் கல் உடைக்கிற வேலையா?" என்று கேட்டார். முப்பத்தோரு வயதில் போய்விட்டான். கம்பெனி டாக்டர் சாவுக்குக் காரணம் 'புகைப்பழக்கம்' என்று தாளில் எழுதினார். என் பிள்ளை பீடி சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை.

அவன் போன மறுமாதம் அவள் அவன் சட்டைகளை எடுத்துப் பிரித்தாள். தோளை மட்டும் உள்ளே பிடித்துத் தைத்தாள், நீளத்தை விட்டுவிட்டாள். கையை இரண்டு மடிப்பு, இரண்டு கைக்கும் ஒரே அளவு. ஜீன்ஸின் கிழிசலுக்கு உட்புறம் கறுப்புத் துணி வைத்துத் தைத்தாள். அவன் பூட்ஸ் அவளுக்கு இரண்டு அளவு பெரிசு. நுனியில் பஞ்சு திணித்து, தினமும் பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்தாள். முதல் நாள் அப்படி வெளியே வந்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன்?

"ஏண்டி, இதையா போட்டுட்டுப் போகப் போறே? பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"பெட்டியில வச்சா இது செத்தவரோட துணி அத்தை. நான் போட்டா சும்மா துணி."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. தெரு கேட்டது. கம்பெனி வாசலில் இருக்கிற படத்தைப் பார்த்துக் காப்பியடிக்கிறாள் என்றார்கள். புது மேஸ்திரிக்காக என்றார்கள். படத்தில் இருந்தவளை விட இவள் எடுப்பாக இருந்தாள் என்பது உண்மைதான். அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

இதற்கிடையில் மணல் அறையில் மூத்தவன் நின்ற இடத்தில் என் இளையவனை நிறுத்திவிட்டார்கள். அவனுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அவன் இருமத் தொடங்கிய அன்று மூத்த மருமகள் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். மறுநாள் தொழிலாளர் அலுவலகத்தில் போய் மனு கொடுத்தாள். காசு எதுவும் கேட்கவில்லை. மணலால்தான் செத்தான் என்று எழுதிக்கொடுங்கள், அந்த அறையை மூடுங்கள் என்று கேட்டாள். அவ்வளவுதான்.

கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? மணலா, நாங்கள் மணலே பயன்படுத்துவதில்லை, எல்லாம் பிரஷ்தான் என்றது. மனு கொடுத்த அடுத்த வாரமே அந்த அறையைக் கழுவி வெள்ளையடித்து, குழாயையும் இயந்திரத்தையும் லாரியில் ஏற்றி எங்கோ ஒரு கொட்டகைக்கு அனுப்பிவிட்டது. அந்த அறையில் நின்றவர்களைத் துணி மடிக்க உட்கார வைத்தது. பார்த்தவர்கள் நூறு பேர். வாய் திறந்தவர் ஒருவரும் இல்லை. என் இளையவன் உட்பட.

"அண்ணி, எனக்குப் புள்ளை இருக்கு. சாட்சின்னு என்னைக் கூப்பிடாதீங்க" என்றான். அவள் கூப்பிடவில்லை.

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "உங்க வீட்டுக்காரர் கடைசியா வேலைக்குப் போட்டுட்டுப் போன துணி இருக்குதாம்மா? இருந்தா விசாரணைக்கு எடுத்துட்டு வாங்க" என்றார்களாம். இருந்தது. அவன் படுக்கையில் விழுந்த அன்று கழற்றிப் போட்ட ஜீன்ஸும் சட்டையும் ஒரு பையில் கட்டிலுக்கு அடியில் அப்படியே கிடந்தன. அதை மட்டும் அவள் தொட்டிருக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் எங்களை முட்டாள்கள் என்று சொல்ல வேண்டாம், நாங்களே சொல்லிக்கொண்டுவிட்டோம். விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டு பேரும் குழாயடியில் உட்கார்ந்து அந்தத் துணியைத் துவைத்தோம். அதிகாரி முன்னால் அழுக்குத் துணியை நீட்டுவதா? புருஷனுக்குத் துவைத்துக்கூடப் போடாதவள் என்று நினைக்க மாட்டார்களா? நான்தான் தண்ணீர் ஊற்றினேன். முதல் வாளித் தண்ணீர் சாம்பல் மாதிரி வந்தது. மூன்றாவது வாளிக்கு அடியில் ஒரு கைப்பிடி மணல் தங்கியிருந்தது. வாளியைச் சாய்த்து, கையால் வழித்து, சாக்கடையில் தள்ளினேன். இந்தக் கையால்தான். அவள் பாக்கெட்டையெல்லாம் வெளியே இழுத்து, பல் விளக்குகிற பிரஷால் தையல் இடுக்கைத் தேய்த்தாள். பிறகு ஒரு மணி நேரம் இஸ்திரி. கிழிசலுக்குள் தாள் வைத்து, நூலைப் படிய வைத்து, அவள் வாழ்நாளில் அப்படி ஒரு ஜீன்ஸைத் தேய்த்திருக்க மாட்டாள்.

மறுநாள் அதையே போட்டுக்கொண்டாள். பையில் சுருட்டிக்கொண்டு போனால் இரக்கிறவள் மாதிரி இருக்கும், நான் போட்டுக்கொண்டு போனால் அவர் வந்து நிற்கிற மாதிரி இருக்கும் என்றாள்.

அதிகாரி வயதானவர், கெட்டவர் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்த ஓரத்தில் கம்பெனி மேனேஜர்.

"துணி எங்கேம்மா?"

"போட்டிருக்கேன் சார். இதுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "துவைச்சிட்டீங்களா?"

"நல்லா துவைச்சேன் சார். மூணு தண்ணி" என்றாள் இவள், பெருமையாக.

மேனேஜர்தான் சிரித்தான். "அழகா இருக்கும்மா. வாசல்ல இருக்கிற படத்தை எடுத்துட்டு உன்னையே நிக்க வைக்கலாம்."

"அந்தத் துணியில இருந்த தூசியைத்தான் பரிசோதனைக்கு அனுப்பணும்னு கேட்டேன்" என்றார் அதிகாரி மெதுவாக. "போன்ல அதை யாரும் சொல்லலையா?"

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் துவைப்போமா? அவள் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள். நூல் ஒன்றுகூடக் கலையாமல் படிந்திருந்தது. தூசி போகத் துவைக்கத் தெரியும், போன தூசியைத் திரும்பக் கொண்டுவர யாருக்குத் தெரியும்? ஆதாரம் இல்லை என்று மனுவை மூடினார்கள். புதிதாக ஏதாவது கிடைத்தால் திரும்ப வரலாம் என்று அதிகாரி வாசல் வரை வந்து சொன்னார். வீடு வந்ததும் அவள் அந்த ஜீன்ஸோடு தரையில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து கம்பெனியில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். கொட்டகைக்குப் போகிறவர்கள் பட்டியல். ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டும். நடுவில் வெளியே விடமாட்டார்கள், போன் கூடாது. என் இளையவன் பெயர் மூன்றாவது. போகாவிட்டால் வேலை இல்லை.

அவள் மேனேஜரிடம் நேராகப் போனாள். நடந்ததை இளையவனே வந்து சொன்னான். "தம்பியை என் இஸ்திரி மேசையில போடுங்க சார். அவன் இடத்துக்கு நான் போறேன்" என்றாளாம். "உனக்கு எதுக்கும்மா அந்த வேலை?" என்றானாம் அவன். "இங்க எல்லாரும் என்னைப் பார்த்துப் பேசுறாங்க சார், கண்காணாம இருந்தாப் போதும்." தெரு கட்டிய கதையைத் தெருவிடமிருந்தே வாங்கி அவனிடம் விற்றுவிட்டாள். தொல்லை விட்டது என்று அவனும் உடனே தலையாட்டிவிட்டான்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் சண்டை போட்டேன். சாப்பிட மாட்டேன் என்றேன்.

"நீங்க சாப்பிடாம இருந்தா மணல் நின்னுடுமா அத்தை?"

"ஒருத்தனைக் கொடுத்தாச்சுடி. உன்னையும் கொடுக்கணுமா?"

"தம்பியைக் கொடுக்கிறதா இருந்தா சொல்லுங்க, நான் இருந்துடறேன்."

இப்படி ஒரு கேள்வியை ஒரு தாயிடம் கேட்கலாமா? கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் சொல்லாததுதான் என் பதில் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் இப்போது இவ்வளவு கத்துகிறேன்.

அவள் யோசித்து வைத்திருந்தது இதுதான். ஆறு மாதம் முடிந்து வெளியே வரும்போது உடம்பில் இருக்கிற துணியோடு, குளிக்காமல், பஸ் ஏறி நேரே அதிகாரியிடம் போவது. அதுவரை யாருக்கும் மூச்சுவிடக் கூடாது. தெருவுக்குத் தெரிந்தால் கம்பெனிக்குத் தெரியும். அதையே செய்தாள். துணி இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் முத்திரை வைத்து இருக்கிறதாம். அவள் அலுவலகம் இருக்கிற ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்குகிறாள். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். கொட்டகையை மூடுவார்களா, மாட்டார்களா, தெரியாது.

அவள் போன நாளைப் பற்றித்தானே கேட்கிறார்கள். சொல்கிறேன். விடிந்ததும் தலை வாரி இறுக்கிக் கட்டினாள். ஜீன்ஸின் அடியை அகலமாக இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். சட்டையை இஸ்திரிச் சூட்டோடு போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் ஒரு பக்கம் திரும்பி, மறு பக்கம் திரும்பிப் பார்த்தாள். உதட்டுக்குக் கொஞ்சம் சாயம்கூடப் பூசினாள். ஆமாம், பூசினாள்.

"அங்க யாருடி பார்க்கப் போறா?"

"போற வழியில பார்ப்பாங்கல்ல? நல்லா பார்க்கட்டும். அப்பத்தான் அவங்க கட்டின கதையை அவங்களே நம்புவாங்க."

மேலே மாடி வீட்டுக்காரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். இவள் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினாள். பையைத் தூக்கி வருகிறேன் என்றேன், தரவில்லை. எழுந்தவள் உள்ளே எட்டிப் பார்த்து, "தம்பி, வரேன்" என்றாள். இளையவன் குழந்தையை மார்பில் அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்கவில்லை, கால் விரல் அசைந்தது எனக்குத் தெரிந்தது. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக, "வரேன் தம்பி" என்றாள்.

அவன் திரும்பவில்லை. அவள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு இறங்கி நடந்தாள்.